கடைசிப் பந்தி: முகாம் அடுக்களை கற்பிக்கும் பாடம்

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலையின் கையில் இருந்தது. பள்ளி முகாமுக்குப் பொறுப்பேற்றுச் செல்லும் ஆசிரியரின் கையில் இருப்பவை ஒரு குறிப்பேடும், எண்ணிக் கொடுக்கப்பட்ட பணமும் மட்டுமே. எதிரே, மண்வெட்டி பிடித்த கையோடு பசித்து வரும் ஐம்பது பிள்ளைகள் நிற்பார்கள். அவர்களுக்கு ஏழு நாளும் வேளை தவறாமல், வயிறு வாடாமல், கணக்கும் மீறாமல் உணவளிப்பது எளிய செயல் அன்று.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டில், செப்டம்பர் 24ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் சிறப்பு முகாம் ஏழு நாள் நடைபெறுவது. மாணவர்கள் ஒரு சிற்றூருக்குச் சென்று, அவ்வூர்ப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ தங்கித் தெருக்களைத் தூய்மை செய்வர், மரக்கன்று நடுவர், ஏரிக்கு நீர் வரும் கால்வாயைத் தூர் வாருவர். முகாம் முடிந்து எழுதப்படும் அறிக்கையில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை தவறாமல் இடம்பெறும். கன்று நட்ட கைகளுக்கு வலிமை தந்த சோற்றைப் பற்றிய செய்தியோ, பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் மறைந்து கிடக்கும் உழைப்பையும் அறிவையும் அறிந்துகொள்வது, பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் பெற்றோருக்கும், திருவிழா நாளில் ஊர்ப் பொதுவில் உலை வைக்கும் குடும்பங்களுக்கும் ஒருசேரப் பயன்படும்.

வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் முகாம் நடத்தச் சென்றார் ஒரு தமிழாசிரியர். அவருக்கு அது முதல் முகாம். மாணவர் 50 பேர். கணக்கு எளிதாக விளங்கும்பொருட்டு, ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு நாளைக்கு 35,000 ரூபாய் ஆகிறது. தலைக்கு 100 ரூபாய் என்றால் தாராளமாகச் சமைக்கலாம் என்றே ஆசிரியர் எண்ணினார். பள்ளிச் சத்துணவுக்கு அரசு வகுத்துள்ள அளவு அவருக்குத் தெரியும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளை ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரிசி 150 கிராம், பருப்பு 30 கிராம். அவ்வளவைக்கொண்டே மதிய உணவுக்கு ஏழரைக் கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாள் எப்படியோ கழிந்தது. இரண்டாம் நாள் மதியம் முதற்பந்தியும் இரண்டாம் பந்தியும் எழுந்தன. பரிமாறிய பிள்ளைகள் பத்துப் பேர் கடைசிப் பந்தியில் அமர்ந்தனர். சோறு ஓரளவு இருந்தது. சாம்பார் அண்டாவின் அடி தெரிந்தது. பொரியல் தீர்ந்துபோயிற்று. வரிசையின் ஓரத்தில் இருந்த மாணவன் ஒருவன் வெறுஞ்சோற்றில் உப்பைத் தூவி, நீர்மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். ஆசிரியர் அருகில் போய் நின்றார். “போதும் ஐயா, பசியில்லை” என்றான் அவன். காலை முதல் கால்வாயில் இறங்கி மண் வெட்டியவன் அவன். பசியில்லை என்று அவன் சொன்னது ஆசிரியரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே.

அன்று மாலை இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. இரவு எட்டு மணிக்குப் பந்தி தொடங்கியபோது, சமணக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு மாணவர்கள் எழுந்து வரவில்லை. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது அவர்கள் வீட்டு ஒழுக்கம். முதல் நாளும் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொரியைத் தின்றுவிட்டே உறங்கியிருந்தனர். அவர்களும் குறை சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அவர்கள் எப்படி விடை சொல்வார்கள்?

இரவு அடுக்களைத் திண்ணையில் அமர்ந்து, ஆசிரியர் சமையற்காரப் பெரியவரிடம், “அரிசி போதவில்லையா, ஐயா?” என்று வினவினார். பல கல்யாணங்களுக்கு உலை வைத்த கை அது. பெரியவர் சிறிது நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அளவு கொஞ்சம் குறைச்சல்தான் சார். ஆனா அது மட்டும் இல்லை. முதல் பந்தியில கரண்டி பெருசு, கடைசிப் பந்தியில அண்டா சிறுசு” என்றார்.

அந்தச் சொல் ஆசிரியரைக் குறிப்பேட்டைத் திறக்க வைத்தது. முதலில் தலைகளை எண்ணினார். மாணவர் 50 பேர். ஆனால் உண்போர் 50 பேர் அல்லர். ஆசிரியர் இருவர், சமையற்காரரும் உதவியாளரும் இருவர், கருத்துரை வழங்கவும் ஊர் சார்பில் உதவவும் நாள்தோறும் வந்து உண்போர் இருவர். ஆக, இலை 56. பணம் வந்தது மாணவர் எண்ணிக்கைக்கு. உலை வைக்க வேண்டியதோ இலை எண்ணிக்கைக்கு. முகாம்களில் நேரும் முதற்பிழை இதுவே.

அடுத்துப் பணத்தை எண்ணினார். சமையற்கூலியைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டிருந்தது. விறகு, பாத்திர வாடகை, வண்டிச்சத்தம் ஆகியவற்றுக்கு 7,000 ரூபாய் ஒதுக்கியாக வேண்டும். எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3,500 ரூபாய், தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். எஞ்சுவது 24,500 ரூபாய். நாளொன்றுக்கு 3,500 ரூபாய். அதை 56 ஆல் வகுத்தால் தலைக்கு 62 ரூபாய் 50 காசு. நூறு ரூபாய் இருக்கிறது என்று எண்ணித் திட்டமிட்டவரிடம் உண்மையில் இருந்தது அவ்வளவே. நூறு என்று நம்பித் தொடங்குபவர் ஐந்தாம் நாள் பிள்ளைகளின் வயிற்றில் சிக்கனம் பிடிக்க நேரும். அறுபத்திரண்டரை என்று அறிந்து தொடங்குபவர் முதல் நாளே கடைத்தெருவில் சிக்கனம் பிடித்துவிடுவார். சிக்கனம் இருக்க வேண்டிய இடம் கடைத்தெருவும் அடுப்பும்தாம், இலை அன்று.

மூன்றாவதாக அளவைத் திருத்தினார். அரசின் அளவு வகுப்பறையில் அமர்ந்து படிக்கும் சிறுபிள்ளைக்கு உரியது. மண் வெட்டும் மேல்நிலை வகுப்பு மாணவனுக்கு அது போதாது. ஆளுக்கு 180 கிராம் என்று கொண்டால் 56 பேருக்குப் பத்துக் கிலோ அரிசி வேண்டும். பருப்பு ஒன்றேமுக்கால் கிலோ வேண்டும். சாம்பாருக்கும் பொரியலுக்குமாக ஆளுக்கு 150 கிராம் காய் என்றால் எட்டரைக் கிலோ ஆகும். ஆசிரியர் கிலோவில் எண்ணினார். பெரியவரோ படியில் அளந்தார். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது இருவருக்கும் தெரியும்; ஆனால் அந்தப் படி எத்தனை கிராம் கொள்ளும் என்பது இருவருக்கும் தெரியாது. மறுநாள் மளிகைக் கடைத் தராசில் ஒரு படி அரிசியை நிறுத்து எழுதி, அந்தத் தாளை அடுக்களைச் சுவரில் ஒட்டினர். அன்றுமுதல் இரு கணக்குகளும் ஒரு கணக்காயின.

அளவைக் கூட்டினால் செலவு கூடாதா என்று ஐயம் எழலாம். கூடியதை ஈடுசெய்ய நான்கு வழிகள் கண்டனர்.

முதலாவது, இரண்டாம் உலை. பத்துக் கிலோவையும் ஒரே முறையில் வடித்துக் குவித்தால் மிஞ்சியது வீணாகும். சோறு வெப்பக் காலத்தில் நெடுநேரம் கிடந்தால் நஞ்சாகக்கூடும். மீண்டும் சூடேற்றினாலும் அந்தத் தீங்கு முற்றும் நீங்குவதில்லை. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அத்தகைய சோதனையில் இறங்கலாகாது. ஆகவே முதலில் ஏழு கிலோ வடிப்பது. முதற்பந்தி அமரும்போது பக்கத்து அடுப்பில் உலை கொதித்துக்கொண்டே இருப்பது. பந்தியின் போக்கைக் கண்டு, ஊறவைத்த அரிசியில் வேண்டிய அளவை மட்டும் அதில் இடுவது. கடைசிப் பந்திக்குச் சுடுசோறு கிடைக்கும். குப்பைக் குழிக்குச் சோறு போகாது.

இரண்டாவது, காய்களின் ஆயுளை அறிந்து வாங்குவது. கீரையும் தக்காளியும் வாங்கிய அன்றோ மறுநாளோ அடுப்பேற வேண்டியவை. அவரையும் கொத்தவரையும் புடலையும் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெட்டாத பூசணியும் பரங்கியும் முகாம் முடியும்வரை மூலையில் அமைதியாகக் காத்திருக்கும். எனவே வாரத்தின் தொடக்கத்தில் கீரையும், முடிவில் பூசணிக் கூட்டும் பரங்கிக்காய்க் குழம்புமாக உணவுப் பட்டியல் அமைந்தது. உள்ளூர்க்காரர்கள் மனமுவந்து ஒடித்துக் கொடுத்த முருங்கைக்கீரை ஒரு வேளைப் பொரியல் ஆயிற்று. வேர்க்கடலை விளையும் மண்ணில் தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாக வேர்க்கடலைச் சட்னி அரைத்தனர்.

மூன்றாவது, அடுப்பின் காலத்தை எண்ணுவது. 56 பேருக்கு ஆளுக்கு நான்கு என்றால் 224 தோசை. ஒவ்வொன்றாகச் சுட்டெடுக்க வேண்டும். முதலில் உண்டவன் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை கடைசிப் பிள்ளை கல்லைப் பார்த்து நிற்பான். விறகும் ஓயாமல் எரியும். வெண்பொங்கல், ரவை உப்புமா, கேழ்வரகுக் கூழ் போன்றவை ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் ஆகிவிடும். பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, மூடியிட்டு வேகவைப்பதே விறகில் கணிசமான மிச்சம்.

நான்காவது, பொட்டலப் பண்டங்களைத் தவிர்ப்பது. காலை பத்தரை மணிக்குப் பணியிடத்தில் பிஸ்கட்டு கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதை நிறுத்தி, இரவே இரண்டரைக் கிலோ கொண்டைக்கடலையை ஊறப்போட்டனர். ஊறிய கடலை ஏறத்தாழ இருமடங்கு எடையாகும். ஆளுக்கு ஒரு கை நிறையச் சுண்டலும் ஒரு குவளை மோரும் கிடைத்தன. பிஸ்கட்டு தின்றவன் பன்னிரண்டு மணிக்கே சோறு தேடுவான். சுண்டல் தின்றவன் ஒரு மணிவரை மண்வெட்டியைக் கீழே வைக்கமாட்டான்.

இவையெல்லாம் கணக்கு. கணக்குக்கு அப்பால் பரிமாறும் முறை ஒன்று உண்டு. பெரியவரின் சொல்லை நினைவில் வைத்து ஆசிரியர் மூன்று விதிகள் வகுத்தார். பந்தி தொடங்குமுன்னரே, பரிமாறுவோருக்கும் சமைப்போருக்கும் உரிய குழம்பையும் பொரியலையும் தனிக் குண்டானில் எடுத்து மூடி வைப்பது முதல் விதி. குழம்புக்கு ஒரே அளவுக் கரண்டி, அதுவும் எல்லாப் பந்திக்கும் அதே கரண்டி என்பது இரண்டாம் விதி. எல்லோருக்கும் ஒருமுறை வந்தபின்னரே எவருக்கும் மறுமுறை என்பது மூன்றாம் விதி.

மூன்றாம் விதியில் ஓர் இடர் எழுந்தது. மறுசோறு கேட்ட மாணவன் ஒருவனைப் பார்த்துப் பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தனர். அடுத்த வேளை அவன் கேட்கவில்லை. வீட்டில் வயிறார உண்ணும் பிள்ளைக்கு மறுசோறு ஒரு விருப்பம். வறிய வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கோ அந்த ஏழு நாள் ஓர் அரிய வாய்ப்பு. சிரித்தவர்களை ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் அவன் இன்னும் கூசியிருப்பான். மாறாக, கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசையிட்டு, சோற்றுக் குண்டானையும் மோரையும் அதன்மேல் வைத்து, வேண்டியவர் வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். தாமே முதலில் எழுந்து போய் ஒரு கரண்டி இட்டுக்கொண்டார். அதன்பின் கேட்க வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. சிரிக்கவும் ஒன்றுமில்லாமற் போயிற்று.

இரவுணவும் மாறிற்று. நான்கு மாணவருக்காக மட்டும் முன்னதாகச் சமைத்துத் தனியே அமர்த்தி உண்ணச் செய்வது எளிய வழி. ஆனால் தனி இலை பிள்ளையைத் தனிமைப்படுத்தும். ஆகவே முகாம் முழுவதற்கும் இரவுணவை மாலை ஐந்தரை மணிக்கு மாற்றினார். உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் பதிலாகப் புடலை, அவரை, வாழைக்காய் என்று அமைந்த பட்டியலில் அனைவரும் ஒரே உணவை உண்டனர். இதனால் விளைந்த நன்மைகளை ஆசிரியர் எதிர்பார்த்திருக்கவில்லை. பகலொளியிலேயே சமையல் முடிந்தது. விளக்கை நாடி வரும் பூச்சிகள் குழம்பில் விழவில்லை. பாத்திரங்கள் இருட்டுமுன் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. இரவு முழுதும் கலை நிகழ்ச்சிக்கும் கருத்தரங்குக்கும் ஓய்வாகக் கிடைத்தது. எட்டரை மணிக்கு மீண்டும் பசிக்கும் பிள்ளைகளுக்கென ஆளுக்கொரு வாழைப்பழம் வைக்கப்பட்டது. நால்வரின் பழத்தை மட்டும் ஐந்தரைப் பந்தியிலேயே கொடுத்துவிட்டனர்.

மாணவர்கள் ஐவரைக்கொண்டு உணவுக்குழு ஒன்றும் அமைந்தது. இருவர் சந்தைக்குப் போய் விலை கேட்டு வாங்கினர். ஒருவன் வந்த சரக்கை நிறுத்துப் பார்த்துக் குறித்தான். ஒருத்தி பற்றுச்சீட்டுகளைத் தேதிவாரியாக ஒட்டினாள். இன்னொருத்தி ஒவ்வொரு வேளையும் எவ்வளவு வடித்தது, எவ்வளவு மிஞ்சியது, கடைசிப் பந்திக்கு எல்லாம் கிடைத்ததா என்ற மூன்றையும் எழுதினாள். அந்த மூன்றாவது கேள்வியைக் குறிப்பேட்டில் சேர்த்தவர் ஆசிரியர். அதற்கு ‘ஆம்’ என்று விடை வராத நாளில், எவ்வளவு பணம் மிஞ்சினாலும் அது மிச்சம் ஆகாது என்று குழுவினரிடம் கூறினார்.

நான்காம் நாள் மழை வந்தது. விறகு நனைந்து புகைந்தது. எடுத்து வைத்த 3,500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்கு உலர்ந்த விறகு வாங்கினர். அந்தப் பணம் முன்னரே ஒதுக்கப்படாமல் இருந்திருப்பின், மறுநாள் காயும் மோரும் குறைந்திருக்கும். ஏழாம் நாள் காலையில் மீதம் 2,500 ரூபாய் கையிருந்தது. அதை என்ன செய்வது என்று குழுவினரையே கேட்டார் ஆசிரியர். பாசிப்பருப்புப் பாயசம் வைத்து, ஏழு நாளும் கூடவே சுற்றி வந்த ஊர்ச் சிறுவர்களையும் பந்தியில் அமர்த்தலாம் என்றனர் அவர்கள்.

அன்று மதியம் பந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கடைசிப் பந்தியில் பரிமாறியவர்களும் சமையற்காரப் பெரியவரும் ஆசிரியரும் அமர்ந்தனர். இரண்டாம் நாள் உப்பைத் தூவிக்கொண்ட அதே மாணவன் பாயசக் குண்டானோடு வந்தான். ஒரே அளவுக் கரண்டியால் ஆசிரியருக்கும் பெரியவருக்கும் ஊற்றினான். வரிசை முழுதும் ஊற்றி முடித்துத் தன் இலைக்கும் ஊற்றிக்கொண்டு அமர்ந்தான். குண்டானில் இன்னும் இரண்டு கரண்டி இருந்தது. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னைக்குக் கரண்டியும் அண்டாவும் ஒத்துப்போச்சு சார்” என்றார்.

பிள்ளைகள் முகாமிலிருந்து வீடு திரும்பும்போது, எத்தனை கன்று நட்டாய் என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அதனோடு, கடைசிப் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு எல்லாம் கிடைத்ததா என்றும் கேட்கலாம். பொதுப் பந்தி எங்கே நடந்தாலும், அது பள்ளி முகாமாயினும் ஊர்த் திருவிழாவாயினும், அதன் சிறப்பை அறிய முதற்பந்தியைப் பார்க்க வேண்டியதில்லை. பரிமாறிய கைகள் கடைசியாக வந்து அமரும்போது அவர்கள் இலையில் என்ன விழுகிறது என்று பார்த்தாலே போதும்.